நாறாத பூட்ஸ்

பூட்ஸ் நாறவில்லை. நோரீன் மறுபடியும் மோந்து பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த நாற்றத்தோடுதான் அவள் குடித்தனம் நடத்துகிறாள். புருஷன் டோனலுக்கு அலைச்சறுக்குப் பைத்தியம். ஐஸாய்க் குளிர்கிற டோனிகால் கடலில் ஜனவரி மாதம் மனுஷன் இறங்குவானா? அவன் இறங்குவான். போட்டுக்கொண்டு போகிற கறுப்பு உடுப்பு கொட்டகையில் தொங்கும். நியோபிரீன் என்கிற தடித்த ரப்பர் பூட்ஸ் மட்டும் ஈஸ்டர் வந்தாலும் அங்கே காயாது என்று சமையலறைக்கு வந்துவிடும்.

காயவைப்பது அவள் தலையில்தான். அடுப்போடு ஒட்டி வைத்தால் பசை விட்டுப் பிளந்துவிடும். அதனால் எட்ட ஒரு நாற்காலியில் வைத்து, வாயை மடித்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணிக்க வேண்டும். தாள் ஊறிப்போனால் மாற்ற வேண்டும். அத்தனையையும் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, டோனலின் வம்சத்தையே திட்டிக்கொண்டு செய்வாள்.

கொஞ்ச நாளாக மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பூட்ஸில் பிளீச்சிங் பவுடர் வாடைதான் அடித்தது.

போதாததற்கு நேற்று கடையில் கிலியன் எதிரே வந்தான். டோனலோடு கடலில் இறங்குகிற கூட்டாளி.

"டோனலுக்கு முதுகு வலி எப்படி இருக்கு நோரீன்? கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிலேர்ந்து கடல் பக்கமே காணோமே!"

"இப்ப பரவால்ல" என்று சமாளித்துவிட்டு வந்தாள். எந்த முதுகு? எந்த வலி? சனிக்கிழமை விடிந்தால் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவன் எங்கேதான் போகிறான்? ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை.

இன்றைக்கும் மத்தியானம் வந்து சேர்ந்தான். ஈர பூட்ஸை நாற்காலியில் வைத்துவிட்டு டீயை ஊற்றிக்கொண்டான்.

"அலை எப்படி?"

"யப்பா, ஆளுயரம்! குளிர்ல பல்லு கிட்டிப்போச்சு."

"கிலியன் வந்தானா?"

"வராம இருப்பானா? ரெண்டு தடவ குப்புறக் கவுந்தான்."

புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா? நோரீன் ஒரு பூட்ஸை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு."

"ஏன், ரொம்ப நாறுதா?"

"நாறல. அதான் கேக்கறேன். யாரு அவ?"

டோனலுக்குப் புரையேறியது. "அவளா? நோரீன், என் மூஞ்சியக் கொஞ்சம் பாரு. இதுக்கு நீ கெடச்சதே பெரிய விஷயம்."

"சிரிக்காத. எந்த ஊரு கடல்ல பிளீச்சிங் பவுடர் கொட்டறாங்க?"

அவன் சிரிப்பு நின்றது. டீக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"டவுன் நீச்சல் குளம்."

"அந்த வெந்நீர்க் குளமா? அது கொழந்தைங்க எறங்கற தொட்டின்னு நக்கல் பண்ணுவியே!"

"எனக்காகப் போகல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மாலக்கிக்காக."

அந்தப் பெயர் அந்த வீட்டில் கேட்டு வருஷக் கணக்காகிறது. மாலக்கி நோரீனின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டே அம்மாவை அடக்கம் செய்ய வராதவன். அவன் வாசலை மிதிக்கிறவர்கள் என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். போன வருஷம் அவனுக்குப் பக்கவாதம் வந்ததும் தெரியும். மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் போகவில்லை.

"தண்ணிக்குள்ள நடந்து பழகினா காலு தேறும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்றான் டோனல். "கூட்டிட்டுப் போக ஆள் இல்ல. அங்க தரை வழுக்குது, இவன் காலு இழுக்குது. என் பூட்ஸ்னா தரைய நல்லாக் கவ்வும். அளவும் சரியா இருந்துச்சு. உங்கிட்ட சொன்னா விடமாட்ட, அதான்..."

"அப்ப நான் இத்தன நாளா காய வெச்சது அவன் போட்டுக்கற பூட்ஸயா?"

"ஆமா. திட்டணும்னா திட்டிடு."

அவள் திட்டவில்லை. பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னப் பத்தி எதாவது கேட்டானா?"

"ஒரே ஒரு தடவ. 'உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்லயே, யாரு காய வெக்கறா?'ன்னு கேட்டான். நீதான்னு சொன்னேன். காலை உள்ள விட்டுக்கிட்டு அப்படியே அழுதுட்டான்."

நோரீன் சடாரென்று எழுந்தாள். இரண்டு பூட்ஸையும் எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கிப் போனாள். போச்சு, நெருப்பில் போடப் போகிறாள் என்று டோனல் பதறி எழுந்தான்.

அவள் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்தாள். கிழித்துச் சுருட்டி, பூட்ஸின் கால்விரல் முனை வரைக்கும் திணித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"இப்ப எவ்வளவு தூரம் நடக்கறான்?"

"கோல் ஊணிக்கிட்டு, குளத்தச் சுத்தி ஒரு வட்டம் வந்துடறான்."

"அம்மா கல்லறைக்கு ஏறற வழி இந்த மழையில பாசி புடிச்சு வழுக்கும்" என்றாள், அடுத்த தாளைச் சுருட்டியபடி. "இதையே போட்டுக்கிட்டு வரச் சொல்லு. ஒரு பக்கம் நீ புடிச்சுக்க. இன்னொரு பக்கம் நான் புடிச்சுக்கறேன்."