பூசிய விரிசல்

சூரியன் கரையோர மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பாலத்தின் அடியில் ஆறு துடுப்புப் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. வழிகாட்டி சொல்லி வைத்தபடி யாரும் வாயைத் திறக்கவில்லை. தினமும் இந்நேரம், தலைக்கு மேலே ஓடும் நீண்ட விரிசலிலிருந்து வௌவால்கள் கரும்புகையாகக் கிளம்பும். இன்று அந்த விரிசலே இல்லை. அது இருந்த இடம் முழுக்கப் புதுச் சிமெண்டு. முதன்முறையாக வந்திருப்பவர்களுக்கு அது தெரியவில்லை; வழிகாட்டிக்கு மட்டும் தெரிகிறது. காரை உதிர்ந்து ஆட்கள் தலையில் விழுகிறது, உடனே பூசிக் கொடுங்கள் என்று போன மாதம் மனு எழுதிப் போட்டவன் அவனேதான். பட்டப்பகலில் வந்து பூசியிருக்கிறார்கள், உள்ளே அத்தனையும் தூங்கும் நேரத்தில். துடுப்பை உயர்த்தி இடித்துப் பார்க்கிறான். கல்லாக இறுகிவிட்டது. கொஞ்சம் சாம்பல் தூள் மட்டும் தண்ணீரில் உதிர்கிறது. இடித்த இடத்துக்கு உள்ளிருந்து ஆயிரம் நகங்கள் ஒன்றாகப் பிறாண்டுகின்றன. பக்கத்துப் படகிலிருக்கும் பெண் அவன் கையைத் தொடுகிறாள்.

“அண்ணா, கேக்குது! முழிச்சிருச்சுங்க. இப்ப வந்துரும்ல?”

அவன் துடுப்பைக் கீழே இறக்குகிறான். அவள் மற்றவர்களைப் பார்த்துச் சைகை காட்டுகிறாள். ஆறு படகுகளிலும் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக மேலே உயர்கின்றன.