பாதி மலையில் நின்ற கார்

“இருக்கிறதே ஒரு செட் வாஷர். அதையும் இதுக்குப் போட்டுட்டா, நமக்கு ஒரு அவசரம்னா என்ன பண்ணுவ பூரணி?”

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மனைவியைப் பார்த்து அழகன் கத்தினான்.

“அத அப்பப் பாத்துக்கலாங்க. அந்த ஸ்பேனரக் குடுங்க.” கை மட்டும் வெளியே நீண்டது. அட்டனில் சொந்தமாகக் கராஜ் நடத்துகிறவள் பூரணி. பிடிவாதத்துக்கும் அவளைத்தான் கேட்க வேண்டும்.

லிந்துலைக்கு மேலே, தோட்டத்து மலைப் பாதையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான போட்டி. ஒவ்வொரு காராக ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் ஏறிய காருக்குப் பரிசு. தேயிலை ஃபெக்டரியின் சங்கு ஊதியதும் ஆரம்பம். இந்தச் சிவப்புக் காரிலோ, கிளச்சை அழுத்தினால் மிதி தரையோடு ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தது.

போன வருடமும் இதே கார்தான் பாதி மலையில் நின்று மானத்தை வாங்கியது. அன்றிலிருந்து அட்டன் கடைத்தெருவில் அதே பேச்சு. கேட்டுக் கேட்டுப் பூரணிக்குக் காது புளித்துப் போயிருந்தது.

கிளச்சின் கீழ்ச் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தாள். உள்ளே ரப்பர் வாஷர் ஊறிய கடலை மாதிரி உப்பியிருந்தது.

“ராசிக் நானா, கிளச் போத்தல்ல என்னத்த ஊத்துனீங்க?”

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கார்க்காரர், துணிக்கடை ராசிக், தலையைச் சொறிந்தார். “என்ட மச்சான் எஞ்சின் ஒயில ஊத்திட்டான் தங்கச்சி. எல்லா ஒயிலும் ஒண்டுதானேண்டு நெனச்சிட்டான்.”

“நல்லா நெனச்சாரு போங்க! பிரேக் ஒயில் ஊத்துற எடத்துல அது பட்டா ரப்பர் என்னத்துக்காகும்?”

மேல் சிலிண்டரையும் விட்டுவைக்கவில்லை. குழாயை ஸ்பிரிட் விட்டு அலசினாள். சிலிண்டரின் உட்புறத்தை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து மினுக்கினாள். புது வாஷர்களைப் பிரேக் ஒயிலில் நனைத்து, ஓரம் மடங்காமல் உள்ளே தள்ளினாள். எல்லாவற்றையும் பூட்டி, போத்தலில் புதுப் பிரேக் ஒயிலை ஊற்றினாள். அந்தக் கைவேலையைப் பார்த்து அழகன்கூடத் திட்டுவதைக் கொஞ்சம் மறந்துவிட்டான்.

“மிதிங்க நானா... அப்படியே பிடிச்சுக்கங்க... ம், விடுங்க!”

குழாய் முனையில் காற்றுக் குமிழிகள் பொங்கின. மறுபடி மிதி, மறுபடி பிடி. கடைசியில் குமிழி ஓய்ந்தது. மிதி கெட்டியாக எழுந்து நின்றது.

“அல்ஹம்துலில்லாஹ்!” ராசிக் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார்.

“இந்தத் தடவ பாதியில நிக்கவே கூடாது நானா. ஒரே மூச்சுல ஏறணும்.”

சங்கு ஊதியது. தன் முறை வந்ததும் சிவப்புக் கார் சீறிக்கொண்டு கிளம்பியது. தேயிலைக்கு நடுவே வளைவுக்கு வளைவு கியர் எங்கும் சிக்காமல் விழுந்தது. கார் உச்சியைத் தொட்டபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. நேரம் எழுதும் பலகையில் ராசிக்கின் பெயர் எல்லோருக்கும் மேலே போனது. பூரணி சந்தோஷம் தாங்காமல் விசிலடித்தாள்.

“இப்ப ஒனக்குத் திருப்தியா?” என்றான் அழகன்.

“ரொம்ப. இனி ஒரு பய வாயத் தொறக்க முடியாதுல்ல?”

ஒலிபெருக்கி கடைசிப் பெயரைக் கூப்பிட்டது.

‘சிவப்புக் கார் நின்னதாலதான் அவ ஜெயிச்சா’ என்று ஒரு வருடமாகப் பேசிய கடைத்தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, பூரணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தன் பச்சைக் காரில் ஏறினாள். பலகையின் உச்சியில் ராசிக்கின் பெயர் இருந்தது, அவள் மேலே போய்ச் சேரும் வரைக்கும்தான்.