முடிவு வந்த நாள்

ஏரியில் சேறும் நீரும் செடியும் சோதனைக்கு எடுக்கப் போன ஆய்வு மாணவி எழிலரசிக்கு, ஆழமில்லாத இடங்களைக் காட்டியவள் அங்கே கீரை பறித்து விற்கும் சொர்ணம்தான். சோதித்ததில் பொன்னாங்கண்ணியில் ஈயம் அளவு மீறி இருந்தது. கட்டுரை அச்சாகும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றார் பேராசிரியர். அச்சான மறுநாளே அவள் ஏரிக்கு ஓடினாள்.

"இந்தக் கீரையை இனிமே பறிக்காதீங்கக்கா. விஷம் ஏறியிருக்கு."

சொர்ணத்தின் கையிலிருந்த கட்டு நழுவிச் சிதறியது.

"மருமவ முழுகாம இருக்கா. ரத்தம் ஊறட்டும்னு தெனமும் இதத்தானே ஆக்கிப் போடுறேன்... ஒனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"அவங்களுக்கு எத்தனை மாசம்?"

"ஆறு."

சோதனை முடிவு கைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"நேத்துதான்க்கா" என்று சொல்லிவிட்டு, கீரையைப் பொறுக்குவதுபோல எழிலரசி குனிந்துகொண்டாள்.