ரீச்சருக்கு ஒரு பெயர்

பட்டம் பெற்று இரண்டு வருடமாக வேலை தேடிக் களைத்துப்போன யூலிற்றா, முல்லைத்தீவில் ஒரு பாடசாலைக்கு ஆசிரியை வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனாள். எதிர்க் கதிரையில் அதிபராக இருந்தவர் அவளுடைய பழைய வகுப்பாசிரியை நேசமலர்.

“ஆறாம் ஆண்டில வாய் ஓயாமல் கதைச்ச யூலிற்றா நீர்தானே?”

“ஓம் ரீச்சர்.”

“உம்மை அடக்க நான் பட்ட பாடு. கடைசியா டிலுசாவுக்குப் பக்கத்தில இருத்தினன். அந்த நாளோட சத்தம் நிண்டுது.”

“என்ர படிப்பே அந்த வாங்கிலதான் தொடங்கினது, ரீச்சர்.”

நேசமலர் பெருமையோடு சிரித்தார். “அந்த அமைதிதான் உம்மைப் பட்டதாரியாக்கினது. சரி, படிச்சதைச் செய்து காட்டும்.”

யூலிற்றா, துணைக்கு வந்து வெளியே காத்திருந்த டிலுசாவை உள்ளே கூட்டி வந்தாள். இருவரும் கைகளால் கதைக்கத் தொடங்கினார்கள். பிறவியிலேயே காது கேளாத டிலுசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சைகை மொழியை நான் முதல் படிச்சது இவளிட்டத்தான், ரீச்சர். பல்கலைக்கழகத்தில பிறகுதான்.”

“அப்ப அந்த வருசம் முழுக்க?”

“கதைச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள். கூடுதலா உங்களைப் பற்றித்தான்.”

டிலுசாவின் சிரிப்பு அடங்கவில்லை. நேசமலர் பழைய பழக்கத்தில் உதட்டில் விரலை வைத்தார். டிலுசா அவரைக் காட்டிக் காட்டி இன்னும் சிரித்தாள்.

“இப்ப என்னவாம்?”

“சைகையில ஆளாளுக்கு ஒரு பெயர் வைப்பம், ரீச்சர். உங்கட பெயரை நீங்களே சொல்லிப்போட்டியளாம்.”

நேசமலர் விரலை மெல்ல இறக்கினார்.

“திங்கட்கிழமை வேலைக்கு வாரும். இஞ்ச இருக்கிற காது கேளாத பிள்ளையளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடும். என்ர பெயரை மட்டும் விட்டிடும்.”