தெற்கே வழிந்த பால்

பால் தெற்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

அடுப்பின் கண்ணாடியில் விழுந்து கருகியது. புது வீட்டில் காய்ச்சிய முதல் பால்.

அவன் மட்டும் சிரித்தான். காரணம் தெரிந்தவனின் சிரிப்பு.

மனைவி சிரிக்கவில்லை. அவளுடைய தமக்கை யோகமலர் அடுப்பை அணைத்தாள்.

"தெற்காலை பொங்கின வீட்டிலை ஒருத்தரும் நிலைக்க மாட்டினம், தம்பி. இண்டைக்கே வீட்டுத் திறப்பைத் திருப்பிக் குடுங்கோ."

அவன் மனைவியைப் பார்த்தான்.

சிறுமியாக இருந்தபோதே, போரில் வீடு வீடாக விட்டு ஓடியவள். ஜெர்மனிக்கு வந்த பிறகும் எந்த வீட்டுச் சுவரிலும் ஓர் ஆணி அடித்ததில்லை. இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றுதான், மதிலோரம் முருங்கை வருமா என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகவே அவன் இதை எடுத்தான்.

"அது சகுனமில்லை அக்கா. நிலக்கரி."

விளக்கத் தொடங்கினான்.

எஸ்ஸன் நகரின் வடக்கு ஓரம் இது. இந்த வரிசை வீடுகள் சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்டவை. அவர்கள் தங்கள் வீடுகளுக்கு அடியிலேயே தோண்டினார்கள். தலைமுறை தலைமுறையாக. கரி வெளியே வர, மேலிருந்த மண் மெல்லக் கீழே இறங்கியது.

எல்லா இடத்திலும் ஒரேயளவாக இறங்கவில்லை.

யோகமலரின் முகம் மாறவில்லை. அவன் சுற்றிப் பார்த்தான். கேசரித் தட்டு கண்ணில் பட்டது. பக்கவாட்டில் கரண்டியை நுழைத்து, அடியிலிருந்து கொஞ்சம் தோண்டினான். மேற்பரப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முந்திரிப்பருப்பு ஒன்று உருண்டது.

"பாருங்கோ! இந்த முந்திரிதான் எங்கடை வீடு."

"ஐயோ, அது சாமிக்குப் படைக்க வைச்சது!"

மனைவி முந்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் ஏதோ தளர்ந்தது. தரையே தெற்கே சாய்ந்திருந்தால் பால் வேறு எந்தப் பக்கம் வழியும்?

அவன் அங்கே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் அவனுக்குப் பிடித்த பகுதி இனித்தான்.

நிலம் தாழ்ந்தது. ஆற்றை மட்டும் கரைகட்டி மேலேயே வைத்திருந்தார்கள். இப்போது ஆறு தெருவைவிட உயரத்தில் ஓடுகிறது. இங்கே பெய்யும் மழை தானாக வெளியேறாது. கிண்ணத்தின் அடியில் கிடக்கும் தண்ணீர் எப்படி ஏறும்? பம்புகள் தூக்கி ஊற்றுகின்றன. இரவும் பகலும். சுரங்கங்களை மூடியாயிற்று. பம்புகளை மூட முடியாது.

"நிப்பாட்டினா?" மனைவி கேட்டாள்.

அவள் கேட்டதே அவனுக்கு உற்சாகம்.

"இந்த இடம் முழுக்க ஏரியாப் போயிடும்!"

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைக் கவனித்தான்.

"நிப்பாட்ட மாட்டினம்," என்றான் அவசரமாக. "எண்டைக்கும் ஓடும் எண்டு உறுதி குடுத்திருக்கினம். நீ பயப்பிடாதை."

"அங்கையும் உப்பிடித்தான் சொன்னவை. இஞ்சை ஒண்டும் வராது, பயப்பிடாமல் இருங்கோ எண்டு."

அவன் வாயைத் திறந்தான்.

பம்பு எப்படி இழுக்கும், மின்சாரம் நின்றால் எது ஓடும், எல்லாம் தெரியும். கேசரிக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நல்லாயிருக்குது தம்பி," என்றாள் யோகமலர், கோட்டை மாட்டிக்கொண்டே. "பால் காணாதெண்டு வெள்ளத்தையும் கூட்டிக்கொண்டு வந்திட்டியள்."

மனைவி வெளியே போனாள். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அவன் ஜன்னலுக்குப் போகவில்லை. கருகிய பாலை நகத்தால் சுரண்டினான். அது வரவில்லை. இன்னும் அழுத்திச் சுரண்டினான். யார் கேட்டார்கள் பம்பைப் பற்றி?

கார் கிளம்பும் என்று காத்திருந்தான்.

கார்க் கதவு அடைபட்டது. காலடிகள் உள்ளே வந்தன.

அவள் கையில் பாஸ்போர்ட்டுகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த, எந்த வீட்டிலும் அவள் பிரித்து வைக்காத பை. அவர்கள் இருவரையும் பார்க்காமல் சமையலறையைக் கடந்தாள். கீழறையின் அலுமாரியையும் கடந்தாள்.

படியேறினாள்.

மேல்மாடியில் நாற்காலி ஒன்றை இழுக்கும் சத்தம். பிறகு, அலுமாரியின் உச்சித் தட்டை ஈரத்துணியால் துடைக்கும் சத்தம்.