வாய்க்கு ஒரு கரண்டி

கணவன் தணிகாசலத்தைப் பாடையில் கிடத்திய பிறகுதான், வாய்க்கரிசி போட அந்தத் துறைமுகக் குடியிருப்பில் எந்த வீட்டிலும் ஒரு பிடி அரிசி இல்லை என்பது குணவதிக்கு உறைத்தது. அங்கே சோற்றுக்குப் பதில் கம்பெனி கொடுக்கும் புரோட்டீன் பவுடர்தான். அவனுக்குக் கிட்னி கெட்டுவிட்டது, இனி அதைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும், வேறு ஆகாரம் கிடைக்காமல் அவள்தான் தினமும் கரைத்துக் கொடுத்தாள்.

“இதையே ஒரு கரண்டி போட்டுடுங்க அண்ணி, நேரமாவுது,” என்று கொழுந்தன் டப்பாவை நீட்டினான்.

குணவதி அதைத் தட்டிவிட்டாள். “உசுரோட இருந்தப்ப என் கையால போட்டதே போதும்!”

பாடை தெரு திரும்பியதும் குனிந்து, சிந்திய பவுடரை மண் ஒட்டாமல் அள்ளத் தொடங்கினாள். பிள்ளைகளுக்குப் பசி வந்திருந்தது.