மேசையின் மறுமுனை

பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் நடு மேசை, தாளாளரின் மைத்துனர் சற்குணத்துக்குப் போனது. அதன்மேல் பெரிய பிளாஸ்டர் அச்சு ஒன்று இருந்தது; டைனோசரின் காலடித்தடத்துக்குள் மனிதக் காலடித்தடம். ‘எல்லா உயிரும் ஒரே வாரத்தில் படைக்கப்பட்டன: விஞ்ஞான நிரூபணம்’ என்றது பின்னாலிருந்த பலகை.

உயிரியல் ஆசிரியை மரகதவல்லி குனிந்து அச்சைப் பார்த்தாள். கண்காட்சியில் எந்த மாணவரையும் அவள் ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை. அதையே சற்குணத்திடமும் கேட்டாள்.

“சார், எதைக் காட்டினா இது தப்புன்னு ஒத்துப்பீங்க?”

“எதைக் காட்டினாலும் ஒத்துக்க மாட்டேம்மா. இது நம்பிக்கை!”

“அப்ப இடம் மாறி வந்துட்டீங்க சார். பிரார்த்தனைக் கூடம் எதிர்ல இருக்கு.”

சொல்லிவிட்டு மேசையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

“டீச்சர்! மேசை நகர்ந்தா உங்க வேலையும் போயிரும்” என்று கத்தினார் தாளாளர்.

அவள் இன்னும் உயர்த்தினாள். அச்சு சரியத் தொடங்கியது. சற்குணம் பதறிப்போய் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார்.

“அப்படித்தான் சார், விட்டுடாதீங்க” என்றபடி மரகதவல்லி வாசலை நோக்கிப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.